ரோசலினின் கடைசித் தாண்டல்

கோலூன்றித் தாண்டும் வீராங்கனை ரோசலின் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. சாம்பியனின் அசைவுகளைப் பதிந்து வைத்து, மாட்டிக்கொள்பவரையும் அப்படியே ஓடித் தாண்ட வைக்கும் அவளுடைய உடையை, அதில் பதிவாகியிருந்த கடைசித் தாண்டலோடு சேர்த்து இளம் வீராங்கனை கோமதிக்குக் கொடுக்க அவள் கணவன் இன்பராஜ் சம்மதித்தான். கோச் சுடலைமணி மட்டும் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்.

இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றோடு கோமதி ரோசலினாகவே ஓடினாள். கோலை ஊன்றி எழும்பினாள். அன்று கோல் முறிந்து ரோசலினின் தொண்டையில் இறங்கிய அந்த நொடி வந்ததும் அவள் பிடி விட்டது. கயிறு தாங்கி அவளை மெத்தையில் இறக்கியது. எழுந்ததும் கேட்டாள்:

"அண்ணே, விழும்போது எல்லாரும் தலையத்தான மூடுவோம்? அக்கா கை ஏன் வயித்த மூடுது?"

இன்பராஜ் கோச்சைப் பார்த்தான். எடைக்கு ஏற்ற கோலைத் தேர்ந்து கொடுப்பது அவர் வேலை.

"அவ மூணு மாசம் முழுகாம இருந்தா தம்பி. ஜெயிச்சுட்டு ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தா. எடை நாலு கிலோ கூடிருந்துச்சு. நாந்தான் பழைய கம்பே தாங்கும்னேன்."

கீழே கிடந்த கோலை எடுத்து இன்பராஜ் அவர் முகத்தில் அடித்தான். பற்கள் தெறித்தன. விழுந்தவரின் விலாவில் அடித்தான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஓங்கினான்.

"அண்ணே, செத்துருவாரு!"

கோமதி குறுக்கே வந்து நின்றாள். உடை இன்னும் அவளை விடவில்லை. அடியைத் தடுக்க அவள் கைகள் மேலே எழவில்லை. இரண்டும் வயிற்றை இறுகப் பொத்தியிருந்தன.

ஓங்கிய கோலை இறக்கத் தெரியாமல் இன்பராஜ் நின்றான்.