விரலால் ஒரு கேள்வி

தலை நரைக்கத் தொடங்கிய பழைய மாணவர் ஒருவர், கணக்கு வாத்தியாரின் குரலிலேயே பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்ப வேண்டாம், கனவிலாவது அவனுக்குக் கணக்கு வரட்டும் என்பாராம்.

பள்ளி அரங்கமே சிரித்தது. பிறகு இது இரங்கல் கூட்டம் என்று நினைவு வந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி அதற்குப் பிறகுதான் சிரித்தாள். அந்த ஜோக்கை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வருமா என்றிருந்தது.

கல்யாணமான புதிதிலேயே தொண்டை டாக்டர் கையை விரித்துவிட்டார். இருப்பது பாதிக் குரல்தான், நாள் முழுக்கப் பேசினால் அதுவும் போய்விடும், வேலையை விட்டுவிடுங்கள் என்றார். வாத்தியார் வேலையை விடவில்லை. வீட்டில் பேசுவதை விட்டுவிட்டார்.

பள்ளியில் கடைசி மணி அடித்தால் வாய்க்குப் பூட்டு. அப்புறம் விரல்தான். சாப்பாட்டு மேசையோ கதவோ, எது கைக்கு எட்டுகிறதோ அதில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால், நீ சாப்பிட்டாயா?

அந்த மூன்றைத்தான் அதிகம் தட்டினார். அதைக் கேட்காமல் அவர் சாப்பாட்டில் கை வைத்ததே இல்லை. பசிக்காத நாளில் அவள் பொய்யாக ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். அவசரமாகத் தட்டிவிட்டு மாட்டிக்கொள்வாள். பரீட்சையில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்துப் பழகிய ஆள் அவர்.

பக்கத்து வீட்டுக்காரி, பாவம், இவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்று ரொம்ப நாள் கவலைப்பட்டாள். மகளோ பள்ளியில் சேர்ந்த முதல் நாள் தாகமெடுத்து, பெஞ்சில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தண்ணீர் வரும் என்று காத்திருந்து திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மனைவிக்கும் கோபம் வராமல் இல்லை. யார் யார் பிள்ளைகளுக்கோ வாய் கிழியப் பேசிவிட்டு எனக்கு மட்டும் விரலா என்று ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சமையலறைக் கதவில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

மேடையில் இப்போது தலைமை ஆசிரியை. பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி, இப்படி ஒரு குடும்பஸ்தரைப் பார்க்க முடியாது என்றார்.

உண்மைதான். அந்த வீடு இப்போது சத்தமே இல்லாமல் கிடக்கிறது. வெளியூரிலிருக்கும் மகள் தினமும் போனில் நிறையப் பேசுகிறாள். போனை வைத்த பிறகு அந்தச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறாள். இன்று காலை, கூட்டத்துக்காக வந்திருந்த மகள் எடுத்து வைத்த சாப்பாட்டையும் அப்படியே மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம், மருந்து வாங்கிக்கொண்டு அவள் அறை வாசலுக்கு வந்தபோது அவர் கட்டில் கம்பியில் தட்டினார். மெதுவாக, மூன்று. நர்ஸ் ஓடிவந்து, தண்ணீர் வேண்டுமா என்று அவர் மேல் குனிந்தாள். மனைவி நர்ஸைச் சுற்றிக்கொண்டு போய்ப் பதில் தட்டக் கம்பியைத் தொடுவதற்குள் அந்த விரல்கள் ஓய்ந்துவிட்டன.

கேள்வி அப்படியே நிற்கிறது. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது.

தலைமை ஆசிரியை அவளை இரண்டு வார்த்தை பேச அழைத்தார். மகள் படி வரை கைபிடித்துக் கூட்டிப்போய் விட்டாள்.

மைக்கின் முன் நின்றாள். அரங்கம் அடங்கியது. அவள் அவசரப்படவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள் எவ்வளவு நிதானமாகத் தட்டுவாளோ, அவ்வளவு நிதானமாக விரலை மடக்கி மைக்கில் தட்டினாள்.

ஒரே ஒரு தட்டு. அரங்கம் முழுக்கக் கேட்டது.

"மைக் வேலை செய்யுதும்மா, பேசுங்க," என்றார் பின்னாலிருந்து மைக்காரர்.

அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். கீழே கையைப் பிடித்துக்கொண்ட மகளுக்குக் கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பாகிட்ட பொய் சொல்லிட்டியேம்மா."