ஹீட்டரில் உப்புத் தண்ணீர்

கன்னியம்மாவின் பழைய பிக்கப் வாரந்தோறும் ராயபுரத்திலிருந்து ஊட்டிக்கு மீன் ஏற்றிப் போகும். கேபின் ஹீட்டரில் சூடு வருவதில்லை. போன வாரம் மலையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கணவன் குமாரவேல் பள்ளத்தில் விழப் பார்த்தான்.

கல்மண்டபம் மெக்கானிக் ரெஜி ஹீட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே போகும் குழாய் சுட்டது. திரும்பி வரும் குழாய் சில்லென்றிருந்தது. கழற்றியதும் கடல் மணல் கொட்டியது. இது மூன்றாம் முறை.

“அக்கா, உங்க வீட்டுக்காரர்தான் ரேடியேட்டர்ல கடல் தண்ணிய ஊத்துறாரு.”

“இன்னா மேன் பேசுற? உப்பு இரும்பத் தின்னும்னு படகு வச்சிகீறவனுக்குத் தெரியாதா? வேலை தெரியலன்னா சொல்லு!” என்று கன்னியம்மா எகிறினாள்.

ரெஜிக்கும் கோபம் ஏறியது. புது ஹீட்டர் மாட்டி, அவள் கண்ணெதிரே கேன் தண்ணீரை ஊற்றி மூடினான். இஞ்சின் சூடேறியது. கேபினில் குளிர்காற்றுதான் வந்தது.

“ஏமாத்துறியா, பேமானி!”

ரெஜி குளிர்ந்த குழாயைப் பிடுங்கிக் காலி வாளிக்குள் விட்டான்; தண்ணீர் கொட்டியது. வண்டியெடுக்க வந்த குமாரவேல் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

லோடு காத்திருந்தது. அவன் சாவிக்குக் கை நீட்டினான்.

“இந்த வண்டில நீ ஏறுன, கால ஒடச்சிடுவேன்” என்று கன்னியம்மா சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வாளியில் ஓர் இறால் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.