வாப்பா படுத்திருந்த கட்டில்

"வாப்பா, எழும்புங்க. உடற்பயிற்சிக் கிளாசுக்குப் போகணும்."

வந்தவர்களுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று ஸுஹைனாவிடம் உம்மா தலைப்பாடாய் அடித்துச் சொல்லியிருந்தார். அவள் எடுத்துவிட்டாள். கட்டிலில் போர்வையோடு சாய்ந்திருந்த மஜீட், மகளைப் பாராமல் மின்விசிறியைப் பார்த்தார்.

ஸுஹைனாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் பஹீமா செவ்விளநீர்க் குலையைக் கீழே வைத்தார். "என்ன கிளாஸ் மகள்?"

"ஆஸ்பத்திரியில மாமி. நெஞ்சு ஒப்பரேசன் செஞ்ச ஆக்களுக்கு. முதல்ல றப்பர் பட்டி இழுக்கணும், மறுகா சின்னச் சின்னப் பாரம் தூக்கணும். இல்லாட்டி உடம்புல பெலன் வராது."

"கொழும்பில கீறித் தைச்ச நெஞ்சு. பாரம் தூக்க வெச்சு மஜீட் காக்காவ மௌத்தாக்கவா பாக்கிறீங்க?"

"டொக்டர்தான் சொன்னார்."

"கெம்பஸ் படிச்ச புள்ளைகளே இப்பிடித்தான். வாப்பாவ ஒரு மூலையில படுக்க உடாதுகள்."

உம்மா அதற்கும் சிரித்துத் தலையாட்டினார். "அவள விடுங்க மச்சி. கலியாணத்துக்குக் கட்டுற மேல்மாடி பூச்சு முடிஞ்சிது, வாங்க பாப்பம்."

ஸுஹைனாவுக்கு ஆத்திரத்தில் இருமல் வந்தது. பக்கத்தில் கிடந்த தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமினாள். உம்மா முறைத்தார்.

இந்த வீட்டில் இதுதான் நடக்கிறது. பழம் வரும், இளநீர் வரும், வாப்பாவின் தலைமாட்டில் இருந்து துஆ ஓதுவார்கள். கிளாஸ் மட்டும் நடக்காது.

"கலியாணம் முடியட்டும் மகள்," என்றார் மஜீட் மெல்ல. "மறுகா போவம்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. அதுவரைக்கும் நாலு படி ஏற ஏலாம மூச்சு வாங்கிட்டே கிடக்கிறதா?"

"நாங்க எங்க ஓடப்போறம்?" பஹீமா இடையில் புகுந்தார். "காக்காட நெஞ்சு நல்லா ஆறட்டும். நோன்பு கழிய கலியாணத்த வெப்பம்."

மஜீடுக்குக் கண் கலங்கியது. நான் என்ன செய்ய என்பதுபோல் கையை விரித்தார். அந்தக் கையைப் பார்த்ததும் ஸுஹைனாவுக்கு இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று விளங்கியது. எழுந்து ஹபாயாவை மாட்டினாள், செருப்பைப் போட்டாள்.

"எங்க புள்ள போறாய்?" என்றார் பஹீமா. "நோயாளி இஞ்ச கட்டில்ல கிடக்க, கிளாசுல உனக்கென்ன வேலை?"

படலையைத் திறந்தபடியே அவள் சொன்னாள்.

"ஒப்பரேசன் செஞ்சது எனக்கு, மாமி."