மல்லாந்து போகும் புழு

"கையும் சட்டியுமா பிடிச்சிட்டேன் அண்ணே. என் எருக்குழியில வேர்ப்புழுவைக் கொட்டுறா."

ஜோதிமணி இரும்புச் சட்டியை வார்டு மெம்பர் ராஜமுருகனின் காலடியில் வைத்தாள். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் இருபது முப்பது சுருண்டு கிடந்தன.

ராஜமுருகன் கொடைக்கானல் போவதற்காகப் பூம்பாறை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி கட்டுகிற நாளில்தான் இப்படி ஏதாவது வரும். எட்டரை பஸ்ஸை இன்னும் காணோம். வேறு வழியில்லாமல் விசாரணையை ஆரம்பித்தார்.

ஜோதிமணியின் பின்னாலேயே வந்து நின்றாள் கருப்பம்மாள். அடுத்த பூண்டுக் காட்டுக்காரி.

"கொட்டுனியாம்மா?"

"கொட்டுனேன் அண்ணே."

"கேட்டுக்கங்க," என்றாள் ஜோதிமணி. "அந்த எருவைப் போட்டா என் பூண்டு பூராவும் வேரத்துப் போகும். இனிமே இவ என் வரப்புல கால் வைக்கக் கூடாது. பாதையை இன்னைக்கே முள்ளு வச்சு அடைக்கப் போறேன்."

கருப்பம்மாளின் காட்டுக்கு வேறு பாதை கிடையாது. அது ராஜமுருகனுக்கும் தெரியும். ஆனால் அவளே ஒத்துக்கொண்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? பஸ் வருவதற்குள் முடித்துவிடலாம்.

"செய்யிற சோலியாம்மா இது? அவ அடைக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்."

கருப்பம்மாள் குனிந்து ஒரு புழுவை எடுத்து சிமென்ட் தரையில் விட்டாள். அது புரண்டு, ஆறு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு, முதுகாலேயே விறுவிறுவென்று நகர்ந்தது.

"வேர்ப்புழு இப்படி மல்லாந்து போகாது அண்ணே. இது மக்குனதை மட்டுந்தான் திங்கும், பச்சை வேரைத் தொடாது. தின்னு தின்னு எருவைப் பொடியாக்கிரும். அப்புறம் மண்ணை உருட்டிக் கூடு கட்டி அதுக்குள்ள தூங்கும். மழைக்கு வண்டா வெளிய வரும். பச்சையா, மினுமினுன்னு பூவுல உக்காந்திருக்குமே, அது."

ராஜமுருகன் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பூண்டுக்காரர்தான். முப்பது வருஷமாக இரண்டு புழுவையும் வித்தியாசம் பார்க்காமல்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஜோதிமணி சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது நல்ல புழுவா?"

"ஆமா மதினி."

"அடிப்பாவி, அப்ப ஒரு மாசமா நான் வெள்ளனே எந்திரிச்சு, என் எருவுல கிடந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி ஒன் குழியில கொண்டுபோயி கொட்டுனதெல்லாம்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. ராஜமுருகன் ஏறவில்லை.

கருப்பம்மாள் தரையில் கிடந்த புழுவை எடுத்துச் சட்டியில் போட்டு, சட்டியை ஜோதிமணியின் கையில் கொடுத்தாள்.

"அதைத்தான் மதினி திருப்பிக் கொண்டாந்தேன். ஒங்க எருவும் மக்கணும்ல."