நடுவிரல் இல்லாத பறவை

அரிய பறவையைக் கண்டேன் என்று யார் வந்து நின்றாலும் தணிகாசலம் நம்பமாட்டார். அருங்காட்சியகம் அவரை வைத்திருப்பதே அதற்குத்தான். பல் டாக்டர் பியூலா அன்று காலை ஏரியில் எடுத்து வந்த படத்தையும் லென்ஸ் வைத்துத் துருவினார். அலகு சரி, இறகும் சரி. இடது காலில் நடுவிரலைக் காணோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், இந்த இனத்துல கடைசிப் பறவை செத்து நூறு வருஷமாச்சு. பாடம் பண்ணி எங்ககிட்டதான் இருக்கு. அதுக்கும் இதே விரல் கிடையாது. படம் பிடிக்க அதை யாரு வெளிய எடுத்துக் குடுத்தா?"

"இந்தக் கட்டடத்துக்குள்ள இப்பத்தான் சார் கால் வைக்கிறேன். அது என் கண்ணு முன்னாடி பறந்துச்சு."

"பறந்துச்சா!"

இடுப்பிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்து இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தார். பஞ்சின்மேல் பறவை வழக்கம்போல் மல்லாந்து கிடந்தது. பாதங்களில் மட்டும் ஈரச் சேறு.

பியூலா சேற்றைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"இன்னொரு சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

இருப்பது ஒரே சாவி என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும் தணிகாசலம், அதை மெல்ல உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.