பேசா மடத்துக் கல்

"அந்தக் கல்ல வெளிய போடுங்க!"

"ஒரு கல்லுக்குப் போய்..."

"மடத்துச் சுவர்லேருந்து திருடினது!"

ஆயுள் முழுக்கப் பேசாத துறவிகள் வாழ்ந்த மடம் அது. பிறகு ஒரு ராஜா இடித்துவிட்டார். தொண்ணூற்றெட்டில் இங்கிலாந்துக்கு டூர் போன ரூஃபஸ் எடுத்துவந்த கல், ரவுண்ட் ராக் ஊரில் அவன் வீட்டு ஃபயர்பிளேஸ் மேல் இருந்தது.

அது வந்த வாரம் நாய் குரைப்பதை நிறுத்தியது. நேற்று குடும்ப ஜெபத்தில் மகள் ஜெபினா வசனம் சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"த்ரோட் இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர் சொன்னாரே!"

"நாய்க்குமா?"

"நீ வாய மூடினா வீடே நிம்மதியா இருக்கும்."

மனைவி ரெபெக்கா அவனைத் திட்டத் தொடங்கினாள். உதடுகள் மட்டும் வேகமாக அசைந்தன. கை கல்லைக் காட்டியது.

"என்னடி, எப்பவும் போல சத்தமா திட்டேன்."