சுற்றி வர வழி

பெல்லெக்ரீனோ மலைக் குகைக்குள் காலை வெளிச்சம் வாசலோடு நின்றுவிடுகிறது. பாறையில் கசியும் தண்ணீரைத் தலைக்கு மேலே வளைந்தோடும் தகரப் பீலிகள் ஏந்திக்கொள்ள, எங்கோ ஒரு சொட்டு மட்டும் தவறி விழுகிறது. கண்ணாடிக்குள் பொன்னாடையோடு சாய்ந்திருக்கும் புனித றொசாலியாவின் சிலைக்குப் பின்னால் துசானியின் கண்கள் எதையோ தேடுகின்றன. நாளைக்குக் கணவனுக்கு இருதய ஒப்பரேசன். இந்தப் புனித அம்மாவைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டு, கீழே பலெர்மோ நகரத்தின் இரைச்சலிலிருந்து வெறுங்காலோடு ஏறி வந்திருக்கிறாள். இடப்பக்கம் போய்ப் பார்க்கிறாள், ஈரப் பாறை. வலப்பக்கமும் அதே பாறைதான், உள்ளங்கையில் குளிர்கிறது.

"பின்னாலை போக வழி இல்லையோ, மொனிகாக்கா?"

"பின்னாலை முழுக்க மலைதான், துசானி." முழங்காலில் இருந்தபடியே மொனிகா கிசுகிசுக்கிறாள். வருசக்கணக்காக ஞாயிறுதோறும் இங்கே செபிக்க வருகிறவள், ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

துசானி அண்ணாந்து பார்க்கிறாள். சொட்டு அவள் நெற்றித் திருநீற்றில் விழுந்து வழிகிறது. அவள் துடைக்கவில்லை.

"அப்ப மலையைச் சுத்த றோட்டு இருக்கோ அக்கா?"

மொனிகாவின் விரல்கள் செபமாலையில் நின்றுவிடுகின்றன.

"கடற்கரையாலை ஒண்டு போகுது. நான் நடந்து பாக்கேல்லை," என்கிறாள். பிறகு குனிந்து, தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறாள்.